கட்டாரிலிருந்து வந்தவரும் ஒரு போக வேளாண்மையும்

வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஊரோடு வந்து சேர்வது ஒரு நாள் காரியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் போகும், பெட்டிகள் இறங்கும், அயலுக்குச் சொக்லட்டும் கோடாலித் தைலமும் பங்கிடப்படும், இரவுக்குக் கோழிக்கறி. முடிந்தது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வருசம் பிடித்தது. என்ட அவர், அதாவது பிள்ளைகளின் அப்பா, 2024 சித்திரை வருசப் பிறப்புக்குச் சற்று முந்திக் கட்டாரிலிருந்து வந்தார். உண்மையில் வந்து சேர்ந்தது 2025 சித்திரையில் என்றுதான் நான் சொல்வேன். இடையில் அம்மாவின் கண், அப்பாவின் காணிக் கடதாசி, மகளின் உயர்தரப் பரீட்சை, ஒரு வெள்ளம், ஒரு போக வேளாண்மை என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடியிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் இப்படி ஆளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகள் எத்தனையோ. எங்களுக்கு எது சரிவந்தது என்று எழுதிவைத்தால் யாருக்காவது உதவும்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சீதனம். இந்த வளவு அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தது, வீடு அம்மாவும் அப்பாவும் எனக்குக் கட்டித் தந்தது, நாளைக்கு இது என் மகளுக்கு. இதில் பெண்ணுக்கு இருக்கிற பாதுகாப்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். இவர் கடல் கடந்து இருந்த பத்து வருசத்துக்கு மேற்பட்ட காலத்தில், அம்மாவும் அப்பாவும் ஒரே வளவுக்குள் இருந்தபடியால்தான் நான் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பிக்கவும் இரண்டு பிள்ளைகளைப் பார்க்கவும் முடிந்தது. ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. இவர் அனுப்பிய காசில் மாபிள் போட்டோம், மதில் கட்டினோம், பின்பக்கம் இரண்டு அறை இழுத்தோம். உறுதியில் இருப்பது என் பெயர். இவர் அந்த வீட்டில் இருந்ததோ லீவில் வந்த மாதங்கள் மட்டும்.

வந்த புதிதில் விருந்தாளியாகவே இருந்தார். கம்பனி பஸ்ஸுக்கு எழும்பிய பழக்கத்தில் விடிய நாலு மணிக்கே கண் முழித்துவிடுவார். எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் முன் விறாந்தையில் லைற் போடாமல் இருப்பார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுவார், நல்ல விசயம்தான். ஆனால் அதைக் குசினித் தட்டில் மற்றக் கோப்பைகளோடு வைக்கமாட்டார். யன்னல் கட்டில் தனியாகக் கவிழ்த்து வைப்பார். ஒரு கோப்பை, ஒரு கப், ஒரு கரண்டி. அங்கே ஒரு அறையில் எட்டுப் பத்துப் பேர் இருந்து, அவரவர் சாமானை அவரவர் காவல் காத்த பழக்கம் அது. ஒருநாள் கலண்டர் மாட்டச் சுவரில் ஆணி அடிக்கவேண்டி வந்தது. சுத்தியலையும் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போய், "மாமி, இதில ஒரு ஆணி அடிக்கட்டா?" என்று கேட்டார். அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகன் இன்னொரு பக்கம். அவனுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள். கிரிக்கெட் விளையாடப் போகவேண்டும் என்றால் தன் அறையில் இருந்தபடி வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவான், "அப்பா, நான் கிறவுண்டுக்குப் போகட்டா?" என்று. அப்பா விறாந்தையில் இருந்தபடி அதைக் கேட்டுவிட்டு, "சரி மகன், ஆறு மணிக்கு முதல் வந்திரணும்" என்று பதில் பதிவு போடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் தடுக்கவில்லை. பழகிய வழியில் பேசட்டும் என்று விட்டேன். அது தானாகவே நின்றது. எப்போது நின்றது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இனிக் காசு விசயம். கட்டாரில் வேலை முடித்து வருபவர்களுக்கு அந்த நாட்டின் 2004ஆம் ஆண்டு 14ஆம் இலக்கத் தொழிற்சட்டப்படி, வேலை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் குறைந்தது 3 கிழமைச் சம்பளம் சேர்விஸ் காசாகக் கிடைக்கவேண்டும். அது அடிப்படைச் சம்பளத்தில் போடுகிற கணக்கு. சாப்பாட்டுக் காசு, ஓவர்டைம் எதுவும் அதில் சேராது. மாதாமாதம் கையில் வந்த தொகையை வைத்துக் கணக்குப் போட்டு, வரப்போகிற காசை நம்பி ஊரில் வாக்குக் கொடுத்து, பிறகு அரைவாசிதான் வந்தது என்று தலையில் கை வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். இவர் வேலைக் கடதாசியை எடுத்து அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பார்த்து, அங்கிருக்கும்போதே கணக்கை முடித்துக்கொண்டுதான் வந்தார்.

காசு வந்த செய்தி எப்படித்தான் ஊருக்குத் தெரியுமோ! ஒருவர் ஆட்டோ எடுக்கச் சொன்னார். ஒருவர் கோழிப் பண்ணைக்குப் பங்கு கேட்டார். தூரத்துச் சொந்தம் ஒன்று கைமாற்றுக் கேட்டு வந்து ரெண்டு தேத்தண்ணி குடிக்கும் வரை எழும்பவில்லை. நாங்கள் செய்தது இதுதான்: வந்த காசின் பெரும்பங்கை ஆறு மாத நிலையான வைப்பில் போட்டோம். வட்டிக்காக அல்ல. கேட்டு வந்தவர்களுக்கு, "அது பேங்கில கட்டிப் போட்டாச்சு, ஆறு மாசத்துக்கு எடுக்க ஏலாது" என்று சொல்ல ஒரு வாய்ப்பு. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது. பேங்க் சொல்லட்டும். அந்த ஆறு மாதத்துக்குள் இவருக்கும், தான் என்ன செய்யப்போகிறார் என்று ஒரு தெளிவு வந்துவிட்டது.

எல்லோரும் எனக்குச் சொன்ன புத்தி, "இனி ஆள் வந்திட்டார்தானே, எல்லாத்தையும் அவர்ர தலையில போட்டிட்டு இருங்க" என்பது. அது முடியாத காரியம். கரண்ட் பில் எப்போது வரும், மகளின் ரியூசன் எந்த நாளில், மீன்காரருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. ஒரு நாளில் அதைக் கொட்டிக் கொடுக்க ஏலாது. மற்றப் பக்கம், "இந்தப் பையை ஒருக்காத் தூக்குங்க, அந்த வாளியை எடுங்க" என்று துண்டு துண்டாக வேலை சொன்னால் ஆள் கூலியாள் மாதிரித்தான் உணர்வார். நான் யோசித்து ஒரு பொறுப்பை முழுசாகக் கொடுத்தேன். அம்மாவின் கண்.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்து கனகாலம். கிளினிக் கொப்பி, திகதி, இரத்தப் பரிசோதனை, சீனி வருத்தத்துக்குக் குடிக்கிற குளிசை, பஸ், வரிசை எல்லாவற்றையும் இவரிடம் விட்டுவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆடி மாதம் ஒப்பரேசன் நடந்தது. ஒப்பரேசன் சின்னது, பிறகு வருகிற கிழமைகள்தான் பெரிது. இரண்டு மூன்று விதச் சொட்டு மருந்து, ஒன்று இத்தனை மணிக்கு ஒருதரம், மற்றது இத்தனை தரம், ஒவ்வொரு கிழமையும் குறைந்துகொண்டு போகும். இவர் கட்டாரில் ஸ்டோர் பார்த்த மனிசன். பெரிய கடதாசியில் கட்டம் போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டி, விட்டதும் ஒரு சரி போட்டுவிடுவார். ஒரு சொட்டுக்கும் மற்றச் சொட்டுக்கும் ஐந்து நிமிசமாவது இடைவெளி விடவேண்டும், போத்தல் முனை கண்ணில் படக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, தலையில் அள்ளி ஊத்தக்கூடாது, குனிந்து பாரம் தூக்கக்கூடாது. குனியாமல் இருக்க அம்மாவால் முடியுமா? விடிந்தால் வளவு கூட்டவேண்டும். விளக்குமாற்றை இவர் கூரைத் தீராந்தியில் செருகி வைத்தார். அம்மாவுக்கு எட்டாத உயரம். மருமகனோடு முதல் சண்டை அதில்தான் வந்தது, நல்ல சண்டை. அதற்குப் பிறகு ஆணி அடிக்க யாரையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து முதல் சொன்னது, "என்ன புள்ள, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு!" இரண்டாவது, குசினிச் சுவர் முழுக்க ஒட்டறை என்பது.

ஆவணியில் மண்டூர் முருகன் கோயில் திருவிழா. சின்னக் கதிர்காமம் என்கிற கோயில். அங்கே பூசை செய்கிற கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் செய்வார். மந்திரச் சத்தம் இல்லாத பூசை. அம்மாவைக் குருமண்வெளித் துறைக்குக் கூட்டிப் போய், படகுப் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து கொண்டுபோனார்கள். நான் அன்றைக்கு மகளுக்குத் துணையாக வீட்டில். ஆலாத்தி எடுக்கிற பெண் பிள்ளைகள் உடுத்திருந்த சேலைக் கரையின் நிறம் வரைக்கும் அம்மா வந்து சொன்னார். ஒப்பரேசனுக்கு நாள் எடுக்கப் பின்போடுகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல்: சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஒப்பரேசனைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். ஆகவே திகதி கிடைத்த நாளிலிருந்தே சாப்பாட்டையும் குளிசையையும் கவனியுங்கள்.

அப்பாவின் வயல் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போகவேண்டும். பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்தது. எண்பதை நெருங்கும் அப்பா அதுவரை பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவர், யார் என்று பதியவில்லை. "மூத்த ஆம்பிளப் புள்ளைக்குத்தானே தானாப் போகும்" என்பது ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற நம்பிக்கை. முந்தி அதில் உண்மை இருந்தது. பெயர் பதியாமல் பெர்மிட்காரர் இறந்தால், அட்டவணைப்படி ஆண் பிள்ளைகள்தான் முன்னுக்கு வந்தார்கள். 2022இல் வந்த திருத்தச் சட்டம் அந்த ஆண் முதன்மையை எடுத்துவிட்டது. இது தெரியாமல் இன்றைக்கும் பல வீடுகளில் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி முகம் பார்க்காமல் இருக்கிறார்கள்.

இந்தக் கதையை எடுத்தது நான்தான். அண்ணன் கொழும்பில் வேலை. அவருக்கு வயலில் காலை வைத்தே கனகாலம். இவரோ வயல் செய்ய ஆசைப்படுகிறார். அப்போ வயலை என் பெயரில் எழுதச் சொல்லிக் கேட்கலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வீடும் வளவும் எனக்கு வந்துவிட்டது. வயலும் எனக்கு என்றால் அண்ணனுக்கு என்ன? அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார், வாயால் சொல்லவில்லை. அண்ணனைப் பின்னுரித்தாளராகப் பதிவது என்றும், அதுவரையும் அதற்குப் பிறகும் இவர் வயலைச் செய்து, செலவு போக வருகிறதில் அம்மா அப்பாவுக்கு ஒரு பங்கு, அண்ணனுக்கு வருசத்துக்குச் சாப்பாட்டு நெல் என்றும் பேசி முடித்தோம். பேசியதை ஒரு கொப்பியில் எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தோம். அண்ணன் முதலில், "எங்களுக்குள்ள எதுக்கு எழுத்து?" என்றார். எங்களுக்குள் இருப்பதால்தான் எழுத்து. அந்நியனோடு பிணங்கினால் வழக்கோடு போகும், அண்ணனோடு பிணங்கினால் பொங்கலுக்கு வரமாட்டார்.

பதிவு பற்றித் தெரிந்துகொள்ளவேண்டியது: நீங்கள் குடியிருக்கிற இடத்துப் பிரதேச செயலகத்துக்கு அல்ல, காணி இருக்கிற இடத்துப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போகவேண்டும். பெர்மிட்டின் மூலப் பிரதி, அடையாள அட்டைகள், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் கொண்டுபோங்கள். அப்பாவின் பெயர் பெர்மிட்டில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. எங்கள் வயதான ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கும் இப்படித்தான் இருக்கும். போகுமுன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கிராம சேவகரிடமிருந்து தொடங்கவேண்டும். நியமனம் பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதிவாகிவிட வேண்டும். படிவம் நிரப்பிக் கொடுத்ததோடு முடிந்தது என்று இருந்துவிடக்கூடாது. மனம் மாறினால் பெர்மிட்காரர் அதை மாற்றலாம். அதோடு யாரைப் பின்னுரித்தாளராகப் போட்டாலும், கணவருக்குப் பிறகு மனைவி சீவிக்கும் வரை காணியை வைத்திருக்கும் உரிமை இருக்கிறது. இதைக் கேட்டபோது அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அதுவரை அவர் வாய் திறக்காமல் இருந்தது அந்தப் பயத்தில்தான் போல.

அன்று திரும்பி வரும்போது பட்டிருப்புப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி இவர் சொன்னார், "வீடு உன்ட பேரில, வயல் மாமாட பேரில, நாளைக்கு மச்சான்ட பேரில. எனக்கு இந்த ஹெல்மெட் மட்டும்தான் மிச்சம்." பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் பகிடி இல்லை. உழைக்கிற காலம் முழுக்க வெளியே நின்ற மனிசனுக்குத் தன் பெயரில் ஒன்றும் இல்லை என்பது எங்கள் வழக்கத்தின் ஒரு ஓட்டை. அதை வழக்கம் அடைக்காது, நாங்கள்தான் அடைக்கவேண்டும். நிலையான வைப்பு முதிர்ந்ததும் ஒரு பங்கை எடுத்துப் பழைய லான்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு மெசின், ஒன்று வாங்கினோம். பதிவுப் புத்தகம் இவர் பெயரில். காசுக் கணக்கில் பார்த்தால் வாடகைக்குப் பிடிப்பதே லாபம், ஒரு ஏக்கரை உழ எவ்வளவு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வாங்கச் சொன்னேன். மீதிக் காசும் இவர் பெயரில் தனிக் கணக்கில் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு வேறு கூட்டுக் கணக்கு. வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிற வீடுகள் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யவேண்டும் என்பது என் எண்ணம்.

ஐம்பதை எட்டுகிற வயதில் இவர் மாமனாரிடம் வயல் படிக்கத் தொடங்கினார். பெரும்போகக் கூட்டத்துக்கு அப்பாவோடு போனார், வயல் கண்டத்துக்குப் பொறுப்பான வட்டவிதானையைக் கண்டார், கமநல சேவை நிலையத்தில் பயிர் செய்பவராகத் தன் பெயரைப் பதிந்தார். இந்தப் பதிவு முக்கியம். அந்தப் போகத்துக்கு நெல்லுக்கான உர மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாயாக உயர்ந்தது. அது பதிவில் இருக்கிற செய்கைக்காரரின் பேங்க் கணக்குக்குத்தான் வரும். காணிக்காரர் ஒருவர், செய்பவர் இன்னொருவர் என்று இருக்கிற வயல்களில் அந்தக் காசு யாருக்கு என்பதில்தான் பிசகு வருகிறது. நாங்கள் கொப்பியில் எழுதியிருந்தபடியால் எங்களுக்கு வரவில்லை.

ஐப்பசியில் மூன்றரை மாத நெல் விதைத்தார்கள். இரவில் யானைக் காவல். அப்பா காவல் குடிசையான வாடிக்குள் படுத்தபடி, "தம்பி, அது மூச்சு விடுற சத்தம் கேக்குதா?" என்பாராம். இவருக்கு ஒன்றும் கேட்காதாம். மாதக் கடைசியில் கேட்கத் தொடங்கியதாம். வீட்டுக்கு வந்ததும் மாமாவும் மருமகனும் அந்தக் கதையை முறை வைத்துச் சொல்வார்கள். மகன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். வெள்ளிக்கிழமைகளில் அவனும் வாடிக்குப் போகவேண்டும் என்று அடம்.

அப்புறம் நவம்பர் வந்தது. உயர்தரப் பரீட்சை 25ஆம் திகதி திங்கட்கிழமை தொடங்கியது. மகளுக்கு உயிரியல் பிரிவு. பின்னர் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் அதே கிழமை எங்கள் கரையோரமாக நகர்ந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமையே, படுவான்கரையிலிருந்து வருகிற மகளின் சிநேகிதியைப் பாயோடும் புத்தகத்தோடும் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டோம். அந்தப் பிள்ளையின் அம்மா தயங்கினா. வருசாவருசம் கார்த்திகை மழைக்கு வெல்லாவெளி மண்டூர் வீதியில் தண்ணி பாய்கிறது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நான் விடவில்லை. வந்ததும் நல்லதாய்ப் போச்சு. செவ்வாய்க்கிழமை வீதியில் தண்ணி.

புதன்கிழமையிலிருந்து பரீட்சையை நாடு முழுக்க நிறுத்தினார்கள். முதலில் மூன்று நாள் என்றார்கள், பிறகு டிசம்பர் 4ஆம் திகதிதான் திரும்பத் தொடங்கியது. நடக்காமல் போன பாடங்களை டிசம்பர் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினார்கள். வளவுக்குள் கணுக்கால் தண்ணி, கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. இரண்டு பெண்களும் முதல் நாள் அழுதார்கள், இரண்டாம் நாள் அயர்ந்து தூங்கினார்கள், மூன்றாம் நாள் கட்டிலில் ஏறி இருந்து ஒருத்திக்கு ஒருத்தி படிப்பிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தூக்கத்தை நான் குழப்பவில்லை. "நேரம் போகுது, படியுங்க" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆசிரியை அல்லவா, வராமல் இருக்குமா? நிறுத்தியது பற்றிய செய்தியை வானொலியில் மட்டும் கேட்போம், வட்ஸ்அப் குழுக்களில் வருகிறதை நம்புவதில்லை என்று தீர்மானித்தோம். பரீட்சை முழுக்க ரத்து, வினாத்தாள் மாற்றம் என்று ஆயிரம் கதை ஓடியது. பரீட்சை அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தோம். தண்ணி வருகிற ஊரில் கார்த்திகைக்கு முன்னரே செய்யவேண்டிய வேலை இது. உறுதி, பெர்மிட், பேங்க் புத்தகம் எல்லாவற்றுக்கும்தான்.

இதற்கிடையில் வயல் முழுக்கத் தண்ணிக்குள். வீதி திறந்த அன்றே இவரும் அப்பாவும் போனார்கள். பயிருக்கு வயது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. இலையெல்லாம் சேறு படிந்து படுத்திருந்தது. இவர் எல்லாம் போய்விட்டது என்று நின்றாராம். அப்பா ஒரு பயிரைப் பிடுங்கி, தண்டை நகத்தால் நெடுக்காகப் பிளந்து, உள்ளே குருத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளித்துக் கையோடு நசிந்தால் போனது. வரம்பு வரம்பாக ஏறிப் பிடுங்கிப் பார்த்ததில் பள்ளப் பக்கம் போயிருந்தது, மேட்டுப் பக்கம் இருந்தது. "யூரியாவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீங்க தம்பி, முதல் தண்ணி வடியட்டும், புது இலை ஒண்டு வரட்டும்" என்று அப்பா பிடித்து வைத்தார். பக்கத்து வயலில் அவசரப்பட்டு எறிந்தார்கள், பாதி தண்ணியோடு போனது.

அழிந்த பகுதிக்கு நட்டஈடு அறிவித்தார்கள், ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபாய். இதில் எங்களுக்குக் கை கொடுத்தது, தண்ணி நிற்கும்போதே இவர் வரம்பில் நின்று எடுத்த படங்கள். வாய்க்கால் மதகு தெரிகிற மாதிரி, எந்த வயல் என்று அடையாளம் சொல்லக்கூடியதாக எடுத்திருந்தார். விவசாய அமைப்பு மூலமாக உடனேயே பெயரைக் கொடுத்துவிட்டு, பார்வையிட வந்த அன்று வயலில் ஆள் நிற்கவும் வேண்டும். தண்ணி வடிந்து பச்சை தெரிந்த பிறகு எவ்வளவு சொன்னாலும் ஏறாது.

தை மாதமும் மழை விடவில்லை. மாசியில் அறுவடை மெசின் இறங்கியது. அரசாங்கம் பெப்ரவரி தொடக்கத்தில் நாட்டு நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபாய் என்று விலை சொன்னது. எங்கள் பக்கம் அதற்கு முன்னரே வெட்டியவர்கள் வயல் வரம்பில் வைத்தே வியாபாரியிடம் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள். நெல் சந்தைப்படுத்தல் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. படங்கு விரித்து, வெயில் பார்த்து, மழை இருட்டினால் அள்ளி மூடி, திரும்ப விரித்து... அந்தக் கிழமையில் எங்கள் மதிலோர வீதி முழுக்க நெல். அம்மா ஒரு கதிரையைப் போட்டுக் காகம் கலைத்தார், ஆடு கலைத்தார், நெல்லுக்குள் கிடந்த கல்லையும் கண்டுபிடித்தார். புதுக் கண் அல்லவா. செலவைக் கழித்துப் பார்த்தபோது லாபம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக மிஞ்சவில்லை. வருசத்துக்குச் சாப்பிட நெல் மிஞ்சியது, அண்ணனுக்கு மூட்டைகள் பஸ்ஸில் போயின, லான்ட்மாஸ்டர் அயல் வயல்களில் ஓடிக் கொஞ்சம் கொண்டுவந்தது. முதல் போகத்திலேயே லாபம் வரும் என்று கணக்குப் போட்டு யாரும் வயலுக்கு இறங்கவேண்டாம். இன்னொரு வருமானம், எங்கள் வீட்டில் என் சம்பளம், நின்று தாங்கவேண்டும்.

அந்தச் சித்திரை வருசப் பிறப்புக்கு மருத்து நீர் வைக்கையில் அம்மா, "தம்பி, நீங்கதான் எல்லாருக்கும் வைக்கணும்" என்று கிண்ணத்தை இவர் கையில் கொடுத்தார். முன்னைய வருசம் அப்பாதான் வைத்தார். அப்பாவும் தலையைக் குனிந்து காட்டினார். கோப்பை கப் எல்லாம் இப்போது குசினித் தட்டில் கிடக்கிறது. சில நாள் கழுவாமலும் கிடக்கிறது. அதற்கு வேறு சண்டை.

ஏப்ரல் 26 இரவு உயர்தரப் பெறுபேறு வந்தது. மகளுக்கு மருத்துவம் கிடைக்கிற அளவு இல்லை, ஆனால் நல்ல பெறுபேறு. சிநேகிதிக்கும் அப்படித்தான், மகளைவிட ஒரு பாடத்தில் கூட. எங்கள் மாவட்டம் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்ச 5 வீதம் இப்படியான மாவட்டங்களுக்கு. ஆகவே போன வருசம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துப் பயனில்லை, எங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளியைத்தான் பார்க்கவேண்டும். விண்ணப்பத்தில் எழுதுகிற விருப்ப வரிசையில் கிடைக்குமா கிடைக்காதா என்று நினைத்து எழுதாமல், உண்மையில் எது விருப்பமோ அதை மேலே போடவேண்டும். வரிசையை மேலிருந்துதான் பார்த்து வருவார்கள், முதலில் பொருந்துவதுதான் கிடைக்கும். என் வகுப்பில் படித்துப் பெரியவர்களான பிள்ளைகள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது சண்டை அந்த வரிசையில்தான் நிற்கிறது. மகளுக்குச் சித்த மருத்துவம் படிக்க ஆசை. திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. அவள் யாழ்ப்பாணத்தை மேலே போடவேண்டும் என்கிறாள். அவளுடைய அப்பா மட்டக்களப்பிலேயே தாதியர் பட்டப்படிப்பு இருக்கிறதே, வீட்டிலிருந்து போய் வரலாமே என்கிறார். பத்து வருசத்துக்கு மேல் கட்டாரில் இருந்த மனிசனுக்கு யாழ்ப்பாணம் தூரமாம்.